மறக்காமல் மூடு

மருந்துக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இருக்க வேண்டும். கொடுக்கும் மருந்து என்ன, எவ்வளவு, எத்தனை வேளை என்று வாங்குகிறவருக்குப் புரியும்படி அவர் விளக்க வேண்டும். இது விதி. அரசு மருந்துக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். 'புரியும்படி' என்ற சொல்லை எத்தனையோ சுற்றறிக்கைகளில் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஓர் இளம் தம்பதி குடியிருந்தார்கள். ஆந்திரத்தில் குப்பம் என்ற ஊர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இருவருக்கும் தொழிற்சாலை வேலை, அவனுக்கு நைட் ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தை. காலையில் கேட்டருகே குழந்தையும் ஸ்கூட்டர் சாவியும் சேர்ந்தே கைமாறும். பகலெல்லாம் குழந்தை அப்பனோடு இருக்கும். அது தூங்கும்போது அவனும் தூங்குவான்.

எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். மூன்று மொழி தெரியாமல் இந்த ஊரில் தக்காளி வாங்க முடியாது. ஆனால் அவனிடம் தமிழில்தான் பேசுவேன். இங்கே சம்பாதிக்க வந்தவன் தமிழ் கற்றுக்கொள்ளட்டும் என்பது என் கொள்கை. ஓய்வு பெற்றவர்களிடம் கொள்கைகளுக்குப் பஞ்சமில்லை, அமல்படுத்தத்தான் ஆள் கிடைப்பதில்லை. எனக்கு ஒருவன் கிடைத்திருந்தான்.

ஒரு நாள் காலை அவள் வேலைக்குப் போனபின் அவன் மாடியேறி வந்தான். தோளில் குழந்தை, கையில் காய்ச்சல் மருந்துப் புட்டி. கடையில் மருந்தாளுநர் இல்லை. கல்லாவில் இருந்தவர் அட்டைப்பெட்டியில் பேனாவால் மூன்று கோடு இழுத்துக் கொடுத்திருந்தார். மூன்று வேளை என்று அர்த்தம். மற்றதெல்லாம் பெட்டியில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது.

"பாப்பக்கி ஜொரம் சார். எந்த இவ்வாலி?" எவ்வளவு கொடுப்பது என்று கேட்கிறான்.

"தமிழ்ல கேளுப்பா."

சிரித்தான். "எவ்ளோ சார்?"

புட்டியின் தலையில் கவிழ்த்திருந்த அளவு மூடியை எடுத்துக் காட்டினேன். "இந்த மூடியில பாதி. குடுத்துட்டு மூடு. புரியுதா? மறக்காம மூடு. சின்ன கொழந்த இருக்கற வூடு."

"மூடு," என்றான். "சரி சார், மூடு."

வாய்மொழி உத்தரவைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது கிடங்கில் நாங்கள் கடைப்பிடித்த முறை. அவன் திருப்பிச் சொல்லிவிட்டான். திருப்தியோடு நாளிதழுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை கீழேயிருந்து அவள் குரல் கேட்டு இறங்கினேன். குழந்தை விடியற்காலையிலிருந்து வாந்தி எடுத்திருக்கிறது. அம்மாவின் தோளில் ஈரத் துணி மாதிரித் தொங்கியது. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். ஆட்டோவில் நாலு பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். புட்டியையும் எடுத்து வரச் சொன்னேன், அதுவும் நடைமுறை. அறுபது மில்லி புட்டி. அடியில் பதினைந்து மில்லிதான் மிச்சம் இருந்தது.

பெண் மருத்துவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரே நாள்லயா? ஒரு தடவைக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"மூடு, மேடம்."

"மூடியா? எத்தன மூடி?"

"மூடு மூடி." மூன்று விரலைக் காட்டினான்.

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. தக்காளிக்காரியிடம் தினமும் நான் சொல்லும் சொல். பாதி என்பது அவனுக்குத் தெரியாத சொல். மூடி தெரிந்தது, கையில் காட்டினேனே. மூடு தெரிந்தது, அழுத்தி இரண்டு முறை சொன்னேனே. பெட்டியிலும் மூன்று கோடு. ஒரு வேளைக்கு மூன்று மூடியாக, மூன்று வேளை ஊற்றியிருக்கிறான். அரை மூடி கொடுக்க வேண்டிய இடத்தில்.

மருத்துவருக்கு மொத்த அளவைக் கணக்குப் போட்டுச் சொன்னவன் நான்தான். அவர் படிவத்தில் எழுதிக்கொண்டார். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. இல்லாத கட்டத்தை நான் நிரப்பவில்லை.

முறிவு மருந்தைத் தொடங்கி ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். அத்திப்பள்ளியில் லாரிகள் வழிவிடாமல் நின்ற நேரம் முழுவதும் அவள் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். காய்ச்சல் மருந்து மிஞ்சினால் அடிவாங்குவது கல்லீரல், அது மூன்றாம் நாள்தான் பேசும் என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் ரத்தப் பரிசோதனை எண்கள் ஏறின. மூன்றாம் நாள் மாலை நின்றன. நாலாம் நாள் குழந்தை பிஸ்கட் கேட்டது.

வீடு திரும்பியபின் அவள் வேலைக்குப் போகவில்லை. குழந்தையை அவனிடம் விடமாட்டேன், கூட்டிக்கொண்டு குப்பத்துக்கே போய்விடுகிறேன் என்றாள். சன்னல் வழியே எல்லாம் மேலே கேட்கும். "அரை மூடிக்கும் மூணு மூடிக்கும் வித்தியாசம் தெரியல, உன்ன நம்பி எப்படி மிஷின குடுத்தாங்க?" என்று தெலுங்கில் கேட்பாள். ஊரிலிருந்து பார்க்க வந்த அவள் தம்பிகள் அவனுக்கு 'மூடு மூதலு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மூன்று மூடி. அளவு சொன்னது நான் என்பதை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். மருந்தாளுநர் இல்லாமல் மருந்து விற்ற கடையின் மீது மூன்று பத்தி, விதிகளை மேற்கோள் காட்டி, சொல்லுக்குச் சொல் குற்றமில்லாத மனு. என் பங்கு அதில் எங்கும் இல்லை. கையெழுத்துக்கு அவனைக் கூப்பிட்டேன்.

பேனாவை வாங்காமலே நின்றான். "கடக்காரரு என்னா சார் பண்ணாரு? ஊத்தனது நா. தப்பு நாது."

அவன் தமிழ் தேறியிருந்தது. 'நாது' மட்டும் தெலுங்கு. என்னுடையது என்று பொருள்.

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவனோடு கீழே இறங்கினேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே தெலுங்கில் சொன்னேன். அன்றைக்கு அளவு சொன்னது நான், மூடச் சொன்னதை அவன் மூன்று என்று எடுத்துக்கொண்டான், அவன் தெலுங்கில் கேட்டும் நான் தமிழில் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கை தட்டிலேயே நின்றது. அவனைப் பார்த்தாள், பிறகு என்னை.

"மீக்கு தெலுகு வச்சா சார்?" என்றாள்.

உங்களுக்குத் தெலுங்கு வருமா சார்? அவ்வளவுதான் கேட்டாள். வரும் என்றேன். தெலுங்கில்தான் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை கேட்டருகே குழந்தை மறுபடி கைமாறியது. இரண்டு மாதம் கழித்துப் பாகலூர் சாலையில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். காரணம் கேட்கும் தகுதி எனக்கில்லை. போகும்போது அவன் மட்டும் மாடியேறி வந்து சொல்லிக்கொண்டு போனான்.

மனுவை என் பெயருக்கு மாற்றி, நான்காவது பத்தி ஒன்று சேர்த்திருந்தேன். அளவைத் தவறாகப் புரியும்படி சொன்னவன் மனுதாரராகிய நானே என்று. அனுப்பி ஏழு மாதமாகியும் பதில் இல்லை, இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். கடைசியில் ஒற்றைத் தாளில் வந்தது. கடை உரிமையாளர் எச்சரிக்கப்பட்டார். பத்தி நான்கில் கூறப்பட்டது இவ்வலுவலகத்தின் வரம்புக்கு உட்பட்டதல்ல. எனவே கோப்பு மூடப்படுகிறது.

பழக்க தோஷம், தாளின் மூலையில் சிவப்பு மையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன்.