பிப்ரவரியில் தெரிந்த தண்ணீர்த் தொட்டி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் இது தொடங்கியது. மலாக்காவில் புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பக்கம் வீடுகளுக்கு இணையச் சேவை கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். மொத்தமே ஆறு பேர். எந்தச் சாமான் வாங்குவது, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. பெண்பிள்ளைக்கு ஏணி எதற்கு என்று கேட்டவர்களைக் கீழே ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறியவள் நான். அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்த வாரம் ஒரு தோட்டக் குடியிருப்பிலிருந்து இணையம் கேட்டு வந்தார்கள். இருபத்துச் சொச்சம் வீடுகள். ஃபைபர் கம்பி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு வயர்லெஸ் பிரிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. இந்த முனையில் ஒரு டிஷ், அந்த முனையில் ஒரு டிஷ், இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தபடி இருந்தால் இணையம் காற்றிலேயே போய்விடும். பெயரெடுத்த கம்பெனிகளின் ஜோடியை வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மலிவாக, ஆனால் உருப்படியாக ஒன்றைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று மலிவு ஜோடிகளை வரவழைத்து ஆபீஸ் கூரையில் இரண்டு வாரம் வாட்டி எடுத்தேன். உச்சி வெயிலில் விட்டேன், குழாயைத் திருப்பித் தண்ணீர் அடித்தேன், வேகத்தை அளந்தேன். அதில் ஒன்று அசரவே இல்லை. விலையோ பெரிய கம்பெனிப் பொருளில் பாதிகூட இல்லை. கோலாலம்பூரிலிருந்து அந்தப் பெரிய பொருளை விற்க வந்தவரிடம் நானே எண்களைக் காட்டி வாயை அடைத்து அனுப்பினேன். முதலாளிக்கு ஏக சந்தோஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு இடம் பார்க்கப் போனேன். எங்கள் பக்கம் மூன்று மாடிக் கடைவீட்டின் மொட்டைமாடி. எதிரே ஒரு ரப்பர்க் காடு, அதைத் தாண்டித் தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, டிஷ் வந்த பெட்டியிலோ ஐந்து வரை எட்டும் என்று போட்டிருந்தது. தொட்டி கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டேன். மாத முடிவுக்குள் இரண்டு டிஷ்களையும் மாட்டி வீடுகளுக்கு இணைப்பும் கொடுத்துவிட்டோம்.

அந்த வீடுகளில் ஒன்றில் ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஃபேக்டரி ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். கணவருக்கு இனிப்பு நீர் நோயில் ஒரு கால் போய்விட்டதால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். எங்கள் லைன் வந்த அடுத்த வாரமே வீட்டிலிருந்து செய்யும் வேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் கணினி வழியாகப் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் புரோபேஷன். லைன் அடிக்கடி அறுந்தால் வேலை நிரந்தரமாகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களாம். "உங்க லைன நம்பலாமா மா?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்றேன்.

மார்ச் கடைசியில் முதல் போன் வந்தது. "மத்தியானம் மழ வந்தா லைன் போய்டுது மா. கஸ்டமர் பேசிக்கிட்டு இருக்கறப்பவே கட் ஆவுதுலா."

"ரெண்டு நாள் குடுங்கக்கா, சரி பண்ணிடறேன்" என்றேன்.

மலாக்கா விமான நிலையம் பக்கத்தில்தானே, அதன் ரேடார் தொந்தரவாக இருக்குமோ என்று அலைவரிசையை மாற்றினேன். அடாப்டரை மாற்றினேன். டிஷ்ஷைத் திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் ஓடும், மறுநாள் படுத்துவிடும். அக்கா கூப்பிடுவார், நான் மறுபடியும் இரண்டு நாள் கேட்பேன். சித்திரைப் புத்தாண்டு வந்தபோது மழை இல்லாமலே அறுந்தது. "சீப்பா வாங்குனா இப்படித்தான்லா" என்று ஆபீசில் ஒருவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் டிஷ்ஷைக் குறை சொன்னால் என்னையே சொன்ன மாதிரி. விற்பனைக்காரரிடமே அந்த விலையுயர்ந்த ஜோடியை இரவல் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதுவும் அதே மாதிரி படுத்தது. அப்படியென்றால் கோளாறு டிஷ்ஷில் இல்லை.

மொட்டைமாடியில் நின்று போனில் இருந்த பிப்ரவரிப் படத்தை எடுத்தேன். படத்தில் குச்சி குச்சியாக மொட்டை மரங்கள், அவற்றுக்கு நடுவே தொட்டி. நிமிர்ந்து பார்த்தேன். தொட்டியைக் காணோம். எதிரே ஒரே பச்சை.

ரப்பர் மரம் வருடத் தொடக்கத்தில் இலையைக் கொட்டிவிட்டு ஒரே மாதத்தில் புது இலை போர்த்திக்கொள்ளும். எனக்கு இது தெரியாதா? பால்மரம் சீவியவர்களின் மகள் நான். சருகு முழங்கால்வரை கிடக்க அதன் வழியாகப் பள்ளிக்கூடம் போனவள். டிஷ்ஷுக்குக் கண்ணுக்குத் தெரிகிற கோடு மட்டும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றி வெள்ளரிக்காய் மாதிரி நடுவில் பருத்த காலி இடம் வேண்டும் என்பதும் படித்ததுதான். இரண்டும் தெரிந்தும் கோட்டைவிட்டேன். என் கவனமெல்லாம் விலையிலும் பெட்டியிலும் இருந்தது. இலை தளிராக இருந்தவரை நனைந்தால்தான் மறித்தது, அடர்ந்த பிறகு நனையாமலே மறித்தது. அதற்கு முன்னால் மலிவு டிஷ்ஷும் ஒன்றுதான், விலையுயர்ந்த டிஷ்ஷும் ஒன்றுதான்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்து மேசையில் கிடந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மரம் எலை உடுறதுக்கு நீ என்னா பண்ணுவ. அதில்ல மா எனக்கு. தங்கச்சி வீடு புக்கிட் ரம்பாயில இருக்கு, அங்க ஃபைபர் இருக்கு. தெரியலக்கான்னு நீ அன்னைக்கே சொல்லிருந்தா இவரயும் தூக்கிக்கிட்டு அங்க போய்ருப்பேன். நீ ரெண்டு நாள், ரெண்டு நாள்னு சொன்ன. நா நம்பி உக்காந்துருந்தேன்."

அவர் கணவர் உள்ளே திரும்பிப் படுப்பது கேட்டது. அக்கா எழுந்து போனார். நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள், தவறு முழுக்க எங்களுடையது, இவருடையது அல்ல என்று அவருடைய கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். எழுத்தில் கொடுக்காதே என்றார் முதலாளி. என் பெயரிலேயே கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த வாரமே அக்காவைத் தங்கை வீட்டுக்குப் போகச் சொன்னேன், சாமான் ஏற்ற ஆபீஸ் வேனையும் எடுத்துப் போனேன். ஆனால் காலம் கடந்திருந்தது. மே மாதம் அவரை நிறுத்திவிட்டார்கள். அக்கா தோட்டத்து வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

பிறகு தோட்ட ஆபீசில் அனுமதி வாங்கி, இரண்டு முனையிலும் கம்பத்தை மரத்துக்கு மேல் உயர்த்தினோம். அதே மலிவு டிஷ்தான், இன்றுவரை ஒரு மழைக்கும் அறுந்ததில்லை. வேலை முடிந்ததும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "நல்லா ஓடுது மா" என்றார். தேத்தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிப்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஐந்தாறு மாதம் கழித்து அவருக்கு வேறு வேலை கிடைத்தது. அதற்கு நான் காரணம் இல்லை, அவரே தேடிக்கொண்டார்.

இப்போது இடம் பார்க்கப் போனால் அங்கே குடியிருப்பவர்களிடம் இந்த மரம் மற்ற மாதங்களில் எப்படி இருக்கும் என்று முதலில் கேட்கிறேன். அது சின்னப் பாடம், யாரும் கற்றுக்கொள்ளலாம். லைன் போய்விட்டது என்று ஒருவர் கூப்பிடும்போது, காரணம் எனக்கு இன்னும் தெரியவில்லை, வேறு வழி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் இன்றும் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு மனுஷியின் வேலையைப் பறித்தது மரத்தின் இலை அல்ல, என்னுடைய தைரியமான பேச்சு.