ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

உழவு மாட்டு ஜோடியை விற்றுவிட்டு என் கணவர் டிராக்டர் வாங்கிய வருடம் என் கையில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. புது டிராக்டர் இல்லை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டவேண்டிய பழைய வெளிநாட்டு வண்டி. டீசல் வண்டிகளுக்கு இல்லாத பிளக்கும் வயர்களும் அதற்கு இருந்தன. திருச்சுழிப் பக்கம் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை.

எங்கள் கரிசலில் எல்லாம் பதம் பார்த்துத்தான். மழை நின்ற மறுநாள் காட்டுக்குள், அதாவது எங்கள் மானாவாரி நிலத்துக்குள், போனால் கால் புதையும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மண்ணைப் பிடித்தால் உருளும், விட்டால் உதிரும். அதுதான் பதம். பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், ஈரம் கீழே இறங்கி நிலம் வெடிப்பு விட்டுவிடும். அதற்குள் பருத்தி விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் நல்ல மழை பெய்தது. பதம் வந்த காலையில் என் கணவர் வண்டியைக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை முன்பக்கம் செருகிச் சுற்றினார். வண்டி 'டப்' என்று ஒருமுறை வெடித்துப் புகை கக்கி நின்றது. கைப்பிடி திருப்பி அடித்ததில் அவருடைய மணிக்கட்டு வீங்கிப்போனது.

"மாடா இருந்தா வாலப் புடிச்சு முறுக்கினாவது எந்திரிக்கும். இதுக்கு எதைப் புடிச்சு முறுக்க?" என்றார் மாமியார்.

"ஆத்தா, சும்மா இரேன்" என்றார் என் கணவர்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமென்று முழுவதையும் இறக்கி வேறு ஊற்றினார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, உப்புத்தாளால் கரியைத் தேய்த்தார். ஒரு வயர் முனையை இரும்புக்கு அருகில் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது. "கரண்டு வருது, பெட்ரோலு வருது. பெறகு என்னதான் கேடு இதுக்கு?" என்றார். மறுபடி மாட்டிச் சுற்றினார். அதே வெடிப்பு, அதே புகை.

எனக்குள் அப்போதே ஒன்று உறுத்தத் தொடங்கியிருந்தது.

பூஜையன்று அவர் பொரியும் வாழைக்கன்றும் வாங்க அருப்புக்கோட்டை போயிருந்தார். "ஒரு எடம் விடாமத் தொடைச்சுப் பொட்டு வையி தாயி" என்று மாமியார் சொன்னதை அப்படியே செய்தேன். என்ஜின் பக்கத்தில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கறுப்பு மூடி. நடுவில் ஒரு வயர், சுற்றிலும் பிளக்குகளுக்குப் போகும் நான்கு வயர்கள். அந்த நான்கையும் மூடியிலிருந்து பிடுங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். திரும்ப மாட்டும்போது முதல் வயரின் துளை மட்டும் நினைவில் இருந்தது. மற்ற வயர்களை என்ஜினின் முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, மூடியிலும் அதே வரிசையில் சுற்றி மாட்டினேன். பத்தாவது வரை படித்தவள். வரிசையாக மாட்டியது எப்படித் தப்பாகும்? தப்பில்லை என்றால் எதற்குச் சொல்ல வேண்டும்? தப்பென்றால் எப்படிச் சொல்வது? பகல் முழுவதும் இதே யோசனை. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாலும் காது அந்த 'டப்' சத்தத்திலேயே இருந்தது.

வாடகைக்கு ஏர் கேட்டு மாமியார் ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். எல்லா ஏரும் அவரவர் காட்டில் இருந்தன.

மறுநாள் பந்தல்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை என் கணவர் பஸ்ஸில் கூட்டி வந்தார். ரோட்டோரத்தில் லாரி பார்க்கும் வயதானவர். "டீசலு வண்டின்னா கண்ண மூடிக்கிட்டுப் பாத்துருவேன் அண்ணாச்சி. இது பிளக்கு வண்டியா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஒருமுறை சுற்றவிட்டுக் கேட்டார்.

"இப்படித் திருப்பி அடிக்குதுன்னா வயரு மாறியிருக்கணுமே. யாரும் கழட்டுனீகளா?"

"நான் பிளக்கக் கழட்டி அதது எடத்துலயே மாட்டிட்டேன். எங்க வீட்டுப் பொம்பளையாளுக வண்டிப் பக்கமே போகமாட்டாக" என்றார் என் கணவர், கொஞ்சம் பெருமையாகவே.

நான் மோர்ச் செம்போடு நின்றிருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் வெளியாள் முன்னால் அவரைப் பொய்யராக்கிவிடுவேன். செம்பை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மெக்கானிக் மூடியைக் கழற்றி அடியிலிருந்ததைத் தேய்த்துப் பார்த்தார். வெயில் ஏறியது. வாசலிலிருந்து பார்த்தால் எங்கள் மேற்குக் காட்டின் மேல்மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"இந்த யூனிட்டையே கழட்டி மதுரைக்குக் கொண்டு போகணும். நாளன்னைக்கு வாரேன்" என்று அவர் ஸ்பேனரை எடுத்தார்.

நாளன்னைக்கு என்ற சொல் என்னை வெளியே இழுத்து வந்தது.

"கழட்டாதீக. வயரப் பிடுங்குனது நான்தான். பூசைக்கு."

என் கணவர் என்னைப் பார்க்காமல் தன் வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். மெக்கானிக்தான் கேட்டார்: "திரும்ப எப்படி மாட்டுன தாயி?"

"வரிசையாத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு."

அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "அடி தாயி, இது பள்ளிக்கூடம் போகாத இஞ்சினு. இதுக்கு ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னுதான் எண்ணத் தெரியும். அந்த வரிசையிலதான் வெடிக்கும்."

"நம்ம படிச்ச மருமக அதுக்கும் பாடம் நடத்திருக்கா" என்றார் மாமியார்.

மெக்கானிக் முதல் வயரைத் தொடாமல் மற்ற மூன்றையும் இடம் மாற்றிச் செருகினார். இரண்டாவது சுற்றிலேயே வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. எனக்கும் அழுகை வந்தது, தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று இருட்டும் வரையிலும் மறுநாள் முழுவதும் உழுது விதைத்தார்கள். மேற்குக் காட்டுக்குப் போனபோது நேரம் தப்பியிருந்தது. மாமியார் விரலால் கீறிப் பார்த்து, "பொடியாப் போச்சு" என்று எழுந்தார்.

கை கழுவும்போது என் கணவர் கேட்டார். "முந்தா நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் வரிசையா மாட்டுனது சரின்னுதான நெனச்சேன்."

"சரி, மெக்கானிக்கு கேட்டப்பவாவது?"

"பொம்பளையாளுக வண்டிப் பக்கமே போகமாட்டாகன்னு நீங்கதான சொன்னீக."

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். எனக்கே அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை.

அந்த வருடம் மற்றக் காடுகளில் பருத்தி வெடித்தபோது, விதைக்காமல் கிடந்த மேற்குக் காட்டில் ஊரார் ஆடுகள் மேய்ந்தன. வாசல் தெளிக்கக் குனியும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.