அரை ஹோல்

தரைக்கு டைல்ஸ் பதிப்பது என் தொழில். நாங்கள் அதைக் கல் என்றுதான் சொல்வோம். கீரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் இலுப்பைக்கடவை வரைக்கும் என் கை படாத வீடு குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு 'அரை ஹோல் மேசன்' என்று சில வருஷம் ஒரு பட்டம் இருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை, கப்பல்தான் பொறுப்பு.

இலுப்பைக்கடவையில் ஓர் அக்கா இருக்கிறார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் இல்லை, ஒரே மகன். கச்சான் கடலை போட்டு, கூலிக்கும் போய், வீட்டைச் சிறுகச் சிறுக எழுப்பியவர். ஒரு போகம் கச்சான் விற்ற காசில் முன்கூடமான ஹோலின் பாதிக்கு மட்டும் கல் வாங்கினார். வெள்ளையில் நீலப் பூப் போட்ட வெளிநாட்டுக் கல். மற்றப் பாதியை அடுத்த போகத்தில் பார்ப்போம் என்றார். எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் கட்டுவார்கள். நானும் வாசலிலிருந்து நடு ஹோல் வரை பதித்துவிட்டு வந்தேன்.

அடுத்த போகம் வருவதற்குள், நாட்டில் டொலர் இல்லையென்று டைல்ஸ் இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். மன்னார் ஹாட்வெயார் கடைக்காரர் கையை விரித்தார். உள்ளூர்க் கல்லாவது வாங்கலாம் என்றால், போட்டிக்கு ஆளில்லாத தைரியத்தில் அதன் விலை தலைக்கு மேல் போயிருந்தது. காசைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும், அவர்கள் தருகிற நிறத்தை வாயை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டும். அக்கா அசையவில்லை. "பூக்கல்லு வந்தாத்தான் போடுவேன்" என்று இருந்துவிட்டார். வருகிறவர்கள் பூப் பக்கம் கதிரை போட்டு உட்காருவார்கள், சீமெந்துப் பக்கம் கச்சான் காயும். பார்த்த சனமெல்லாம், "ஆர் இந்த மேசன்? பாதியில ஓடிட்டானோ?" என்று கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் மகனுக்கு வேலை கிடைத்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? தெற்கில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில். வெளிக்கல் வராததால் உள்ளூர்க் கல்லுக்கு அடிபிடி, இரவு வேலைக்கும் ஆள் எடுத்தார்கள். மகன் மாதம் தவறாமல் காசு அனுப்பினான். அக்கா அந்தக் காசில் அரிசி வாங்கிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டுவார். "நாசமாப் போறவங்க, எம் பூக்கல்ல நிறுத்திட்டாங்களே!"

"பூக்கல்லு வந்தா மகன்ர வேலை என்னாகும் அக்கா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டேன்.

"வாயக் கழுவு தம்பி" என்றார்.

பிறகு தடை எடுபட்டது. வரியைச் சுமந்துகொண்டுதான் வெளிக்கல் வந்தது, ஆனாலும் போட்டி வந்தவுடன் எல்லாக் கல்லின் விலையும் கீழே இறங்கியது. ஒரு நாள் கடைக்காரர் போன் எடுத்தார். "உங்கட பூக்கல்லு வந்திருக்கு, ஓடி வாங்கோ." போய்ப் பார்த்தால் அதே வெள்ளை, அதே நீலப் பூ. மாதாவே என்று அங்கேயே கும்பிட்டேன். வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்ற அவசரத்தில், அக்காவைக் கேட்காமலே என் காசில் பெட்டிகளை வாங்கி என் வீட்டில் இறக்கினேன். ஒரு கல்லை மட்டும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இலுப்பைக்கடவைக்குப் பறந்தேன்.

அக்கா அதைப் பழைய கல்லுக்குப் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தார். "அப்படியே இருக்கு" என்றார். முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

"நேத்து எம்புள்ள போன் பண்ணினான். ராத்திரி வேலைய நிறுத்திட்டாங்களாம். வெளிக்கல்லு வந்ததுல இவங்க கல்லு தேங்கிக் கெடக்காம். ஆளுங்களையும் வீட்டுக்கு அனுப்புறாங்களாம்."

"நீங்கள் ஒராள் வாங்காட்டி கப்பல் திரும்பிப் போயிடுமோ அக்கா?"

"போவாதுதான். ஆனா இந்தக் கல்லு மேல ஒக்கார வச்சு அவனுக்குச் சோறு போட என்னால ஏலாது. அவன் கல்லையே போடு."

"ஒரு ஹோலில ரெண்டு நிறமோ? என்ர பேர் நாறிப்போகும்!"

"ஏற்கனவே நாறித்தான் கெடக்கு" என்று சிரித்தார். அவர் சிரித்தால் எனக்குக் கோபம் நிற்காது.

பொங்கலுக்கு முன் மகன் தன் தொழிற்சாலைக் கல்லோடு லொறியில் வந்து இறங்கினான். சாம்பல் நிறம். நூல் பிடித்து, இம்மி பிசகாமல் பதித்தேன். ஒவ்வொரு கல்லையும் அவனே துடைத்து எடுத்துத் தந்தான். நடு ஹோலில் இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு இருக்கிறதே, அப்படி ஒரு நேர்க்கோட்டை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை.

என் வீட்டில் இறக்கிய பூக்கல்லைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். "எங்கட குசினிக்குப் போடுங்கோவன். ஊருக்கெல்லாம் பதிக்கிறியள்" என்றாள் மனைவி. சமையலறை முழுக்கப் போட்டேன். மனைவிக்கு முகமெல்லாம் பல். உள்ளூர்க் கல்லைவிட மலிவு, பார்வைக்கும் நல்லது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு அக்காவையும் மகனையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அக்கா குசினி வாசலில் நின்றுவிட்டார். "அடியாத்தி! என் ஹோல்ல பாதி இங்கயா கெடக்கு!" சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மகன் குந்தியிருந்து ஒரு கல்லை விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டான். பிறகு பக்கத்துக் கல்லையும் தட்டினான்.

"நல்ல கல்லு மாமா. எங்கடயவிட நல்லாச் சுட்டிருக்காங்க."

"வேலை எப்படியடா?"

"இப்போதைக்கு இருக்கு மாமா."

மனைவி அங்கேயே பாயை விரிக்கப் போனாள். "வெளிய ஒக்காந்து சாப்பிடுவோமே தம்பி, காத்து வரும்" என்றார் அக்கா. அன்று கீரியில் ஓர் இலை கூட அசையவில்லை. நான் பாயை வாங்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். அங்கே இன்னும் சீமெந்துத் தரைதான். மகனுக்கு அக்காவே சோறு போட்டார். மீன் குழம்பு நன்றாக இருக்கிறதென்று அவன் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டான்.