வி. கோமதியும் ஆர். கோமதியும்

போன செவ்வாய்க்கிழமை கொல்லிமலை போயிருந்தேன். அருவியில் குளிக்க என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்த பெண் ஒருவருக்கு வேலை போய்விட்டது. துக்கம் விசாரிக்கப் போவது மாதிரிதான் போனேன்.

கோமதியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த மலையிலேயே அரியூர் நாட்டுக்காரர். கீழே ஒரு தனியார் கல்லூரியில் மெட்டீரியல் சயின்ஸ் சொல்லிக்கொடுத்தவர். பிஎச்.டி. படிக்கும்போதே மரவள்ளி மாவில் நாற்றுப் பை செய்து காட்டியவர். மிளகு நாற்றைப் பையோடு குழியில் வைத்துவிடலாம். பை மட்கிவிடும், வேர் தன் பாட்டுக்கு இறங்கும். பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பொறுக்குகிற வேலை இல்லை. இதே பக்கத்தில் அதை எழுதி, என்னவோ நானே செய்த மாதிரி பீற்றிக்கொண்டேன்.

இந்த முறை போனபோது வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். செமஸ்டர் நடுவில்!

என்னதான் நடந்தது?

முன்னணி ஆராய்ச்சியாளர்களை வரிசைப்படுத்துகிற இணையப் பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்கள் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கைதான் ரேங்க். கட்டுரையில் என்ன இருக்கிறது? அதை யார் படிப்பது... இந்த வருஷம் கல்லூரி அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டது. நல்ல ரேங்க் இல்லாதவர்களுக்கு ஒப்பந்த நீட்டிப்பு இல்லை.

பட்டியலில் ஆர். கோமதி எங்கேயோ அடியில் கிடக்கிறார். மேலே ஜம்மென்று உட்கார்ந்திருப்பவர் வி. கோமதி.

இரண்டும் ஒரே ஆள்தான். அப்பா வெள்ளையன், அதனால் வி. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ராஜா, அதனால் ஆர். நம் ஊரில் பெண்களுக்கு இனிஷியல் மாறுவதெல்லாம் ஒரு விஷயமா? பட்டியல் போட்ட கம்ப்யூட்டருக்கு அது விஷயம். எல்லோரும் மேற்கோள் காட்டும் நாற்றுப் பைக் கட்டுரைகள் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியவை. அத்தனையும் வி. கணக்கில் போய்விட்டன.

"கமிட்டில என்ன சொன்னாங்க தெரியுங்களா?" என்றார் கோமதி. "வி. கோமதிங்கறவங்க செஞ்ச வேலையத்தான் நீங்க திரும்பச் செஞ்சிருக்கீங்க, சொந்தமா ஒண்ணுமே இல்லைன்னாங்க."

"அது நான்தான்னு சொல்லலையா?"

"சொன்னேனுங்க. கல்யாணப் பத்திரிகையக்கூடக் காட்டுனேன். லிஸ்டுல திருத்திட்டு வாங்கன்னுட்டாங்க. லிஸ்டுக்காரங்களுக்கு எழுதுனா, பரிசீலனைல இருக்குதுன்னு மெஷின் பதில் போடுது. அதுக்குள்ள தேதி முடிஞ்சு போச்சுங்க."

கமிட்டியில் இருந்தவர்கள் அவரோடு தினமும் கேன்டீனில் டீ குடித்தவர்கள். கல்யாணத்துக்கு வேனில் வந்து சாப்பிட்டுப் போனவர்கள்!

பக்கத்தில் மிளகைப் பரப்பிக்கொண்டிருந்த வெள்ளையன் தலையே நிமிரவில்லை.

"நாந்தானுங்க கெடுத்தேன். கட்டிக் குடுத்த புள்ளைக்கு மாப்ள பேருதான் முன்னால நிக்கோணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அது வேண்டாமுங்கப்பான்னுதான் சொல்லுச்சு."

"உடுங்கப்பா" என்றார் கோமதி.

வெள்ளையன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க பேப்பர்ல எழுதுனா வேலை திரும்பக் கெடைக்குமுங்களா?"

கிடைக்காது. எனக்குத் தெரியும். "பார்க்கலாம்ங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். கேவலமாக இருந்தது.

ஒருவரின் வேலையை எடை போட அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு எண் வசதி. நம்பரைக் காட்டிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் மட்டும் யோக்கியனா? இந்தப் பத்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்று வாராவாரம் செல்போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேனே... சேந்தமங்கலம் வரை திட்டிக்கொண்டே இறங்கினேன். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நான் கிளம்பும்போது கோமதி, பழைய கட்டுரைகளில் போட்டிருந்த முகவரிக்கு வந்த ஒரு மின்னஞ்சலைக் காட்டியிருந்தார். அதே கல்லூரி, வேறொரு துறையின் விழாக் குழு. நம் பகுதியின் முன்னணி ஆராய்ச்சியாளர் வி. கோமதி அவர்கள் அறிவியல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டுமாம்.

"போவீங்களா?" என்று கேட்டேன்.

"எந்தக் கார்டக் காட்டுனாலும் ஆர்.னுதானுங்க இருக்குது. கேட்டுலயே உள்ள உட மாட்டாங்க."