சிலேட்டு நெஸ்டா

எங்கள் ஊர் ஆலய வாசலில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. கூரையைப் புதுப்பித்ததற்காகப் பதித்தது. பிஷப் பெயர், வரைபடம் போட்டவர் பெயர், குவாரி முதலாளி பெயர் எல்லாம் அதில் உண்டு. நெஸ்டா ப்ரிச்சர்ட் பெயர் மட்டும் இல்லை. பாதிரியாரிடம் கேட்டேன். "இடம் பத்தலை எம்ரிஸ்" என்றார். இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

எங்கள் வேல்ஸ் மலைப்பக்கத்தில் ஒரே குடும்பப்பெயர் பாதி ஊருக்கு இருக்கும். அதனால் ஆளின் பெயரோடு தொழிலை ஒட்டிவிடுவோம். பால் எல்வின், கறிக்கடை ஓல்வன். நான் கூரை எம்ரிஸ். அவர் தபால் நெஸ்டா. ஊராருக்கு வந்த கடிதமெல்லாம் அவர் கையால் வீடுவாரியாகப் பிரித்துக் கொடுத்ததுதான். அவருடைய ஒரே மகன் கெத்தின் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பல் வேலைக்குப் போனவன். அவனிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை.

ஆலயக் கூரை ஒழுகி, மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுகிற நிலை வந்தது. மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நெஸ்டா, கூரைக்கான புது சிலேட்டுக்கல் ஓடுகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய்ச் சந்தையில் உட்கார்ந்துவிட்டார். காசு கொடுத்தால் ஓட்டின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பெயர் எழுதிக்கொள்ளலாம். கூரையில் ஏறிவிட்டால் அந்தப் பக்கத்தை ஒருவரும் பார்க்கமுடியாது.

முதலில் வந்த பால் எல்வின், செத்துப்போன மனைவியின் பெயரை எழுதினார். அதைப் பார்த்து அடுத்த ஆள் காலமான தன் அம்மா பெயரை எழுத, செத்தவர் பெயரை எழுதுவதே வழக்கமாகிவிட்டது. விவரம் தெரியாத ஒரு கிழவர் தன் பெயரையே எழுதிவைக்க, அவர் பெண்டாட்டி சந்தை நடுவில் நின்று கத்தினாள்: "பாவி மனுஷா, சோறு ஆக்கி வெச்சுட்டு வர்றதுக்குள்ள என்னை விதவையாக்கிட்டியே!" அன்றைக்கு நெஸ்டா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தபால் நெஸ்டா, சிலேட்டு நெஸ்டா ஆனார்.

கறிக்கடை ஓல்வனுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "ஊர்ல செத்தவங்களை எல்லாம் எழுதி முடிச்சாச்சு. உன் பையன் பேரை எப்ப எழுதப்போறே?"

"நீ முதல்ல தராசை ஒழுங்கா வை. எம்புள்ளை அந்த வரிசையில இல்லை."

வண்டியின் அடியில் ஒரு ஓடு எப்போதும் வெறுமையாகக் கிடக்கும்.

"இது என்னக்கா, விலை போகலையா?" என்று கேட்டேன்.

"அது வித்துப்போச்சுடா. வாங்கினவன் வந்து அவன் பேரை அவனே எழுதிக்குவான்."

மூன்று குளிர்காலம் சந்தை ஈரத்தில் உட்கார்ந்ததில் நெஸ்டாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நாங்கள் கூரைக்கு ஓடு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எல்லாம் முடிந்து, உச்சியில் ஒரே ஒரு ஓட்டுக்கான இடம் மிச்சம். போய்ச் சொன்னேன்.

"நாளைக்குச் சாரம் பிரிக்கிறாங்கக்கா. உங்க ஓடு ஒண்ணுதான் பாக்கி. வெறுமையாவே மாட்டிரட்டுமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் வரமாட்டான், இல்லடா?"

தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

"சரி. கெத்தின்னு எழுதிரு."

கதவுவரைக்கும் போய்விட்டேன். இருமிக்கொண்டே கூப்பிட்டார்.

"எம்ரிஸ், பெயின்ட்ல வேணாம்டா. சாக்பீஸ்ல எழுது. அடிப்பக்கமும் வேணாம். மழை படுற பக்கமா எழுது."