கேட்காமல் திருத்திய நிரல்

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குக் கரமனை வீட்டு மாடியறையில் சுப்ரியா தன் பாட்டை ஓடவிட்டாள். வீணை ஒரு பக்கம் இழுத்தது, வயலின் ஒரு பக்கம், அவள் குரல் வேறெங்கோ போனது. ஆறு மாத வேலை. நாலு மணிக்கு ஆஷா டீச்சர் நடனப் பெண்களோடு வருகிறாள். இன்றைக்குப் பாட்டு தயாராகாவிட்டால் நவராத்திரிக்கு வேறு பாட்டு போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

சுப்ரியாவுக்கு நாற்பத்திரண்டு வயது. கழக்கூட்டம் மென்பொருள் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை பார்க்கிற உத்தியோகம். தனக்கென்று அவள் எழுதியது ஒரே ஒரு நிரல். ஒலிகளை வரி வரியாக அடுக்கிப் பாட்டாக்கும் டிராக்கர் மென்பொருளில், பதிவு செய்த ஒலித்துண்டுகளை அது ஏற்றிவிடும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நின்று, ‘சுருதி எத்தனை கட்டை?’ என்று கேட்கும். வீணை மூன்று கட்டை, அவள் குரல் ஐந்து. பதில் சொன்னால்தான் எல்லாவற்றின் ஷட்ஜமும், அந்த ‘ஸ’, ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

“என் நிரலை யார் தொட்டது?”

ஜெயந்த் பேப்பரிலிருந்து தலை தூக்கினான். அவள் கணவன், அவனுக்கும் மென்பொருள்தான் வேலை. “நான்தான். ஆறு ஃபோல்டருக்கும் ஆறு தடவை கேக்கறது, போரல்லே? எடுத்துட்டேன். எல்லாத்துக்கும் ஒரு கட்டைன்னு வச்சேன். ரெண்டு செகண்ட்ல ஏத்திடுத்து, கேட்டியா?”

“கேட்டேன். காது கிழியறது.”

“‘ஸ’ன்னா ‘ஸ’தானே?”

“உங்க அப்பா பாடற ‘ஸ’வும் நான் பாடற ‘ஸ’வும் ஒண்ணா? இருபது வருஷமா கச்சேரிக்கு எதுக்கு வந்தேள், கான்டீனுக்கா?”

“உபகாரம்தானே பண்ணினேன். நீ என்னத்துக்கு இப்படிக் கத்தறாய்?”

“நான் உங்க ஆபீஸ் நிரலை இப்படித் திருத்தினா சும்மா இருப்பேளா?”

ஜெயந்த் பேப்பரை மடித்து வைத்தான். பென்டிரைவில் பழைய நிரலின் நகல் இருந்தது. சுப்ரியா அதை எடுத்து ஓடவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். “உக்காருங்கோ. ஒவ்வொண்ணா என்னைக் கேட்டுக் கேட்டு அடியுங்கோ.”

“வயலின் எத்தனை?”

“நாலு.”

“புல்லாங்குழல்?”

“அஞ்சு. பாத்து அடியுங்கோ.”

ஆறும் ஏறின. பாட்டை ஓடவிட்டாள். வீணையும் வயலினும் அவள் குரலோடு சேர்ந்து நின்றன. ஜெயந்த் மெல்ல, “நன்னாருக்கு” என்றான். அவள் அவன் எழுதியதை அழித்துக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. பெண்களின் சலங்கைச் சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

“எட்டுப் பேர். காப்பி போடுங்கோ,” என்றாள். “எல்லாருக்கும் ஒரே சக்கரைன்னு வச்சுடாதேங்கோ. கேட்டுப் போடுங்கோ.”