வெற்றிலையில் வைத்த ஒரு ரூபாய்

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: வீட்டுக்காரர், அவருடைய மனைவி, வேலி அடைக்க உதவவென்று பளையிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பி, பாயில் கிடந்த ஆறேழு வயதுப் பெண்பிள்ளை, பிறகு நான். ஒரு நாயும் நின்றது. வேறு ஒருவரும் இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு வாய்க்கால் கரையெல்லாம் பரவிய கதையில் அரைக் குடியேற்றமே அங்கே கூடி நின்றது. நான் வெள்ளை வேட்டி கட்டி, வேதப்புத்தகத்தோடு போனேனாம். பிள்ளையின் தலைமாட்டில் எதையோ கண்டு திடுக்கிட்டேனாம். நான் கட்டியிருந்தது மாப்படிந்த சாரம். கையில் புத்தகம் இல்லை, சைக்கிள் மட்டும்தான். திடுக்கிட்டது என்னவோ உண்மை. ஆனால் நான் எதற்கும் திடுக்கிடுகிற ஆள். தேங்காய் விழுந்தாலும் திடுக்கிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்கு நடுவே குடியேற்ற வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்த காலம். நான் கிளிநொச்சியில் ஒரு பேக்கரியில் பாண் எடுத்து, மரப்பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் வீடு வீடாக விற்றுவந்தேன். அப்பா இறந்ததும் ஆறாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. கொப்பியில் கணக்கு எழுத வெட்கம். யார் எத்தனை இறாத்தல் கடன் என்பதெல்லாம் தலைக்குள்தான். பயந்தவனுக்கு எதுவும் மறக்காது.

நாங்கள் வேதக்காரர். எங்கள் சபை ஒரு தகரக் கொட்டகையில் கூடும். உபதேசியார் ஞாயிறுதோறும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அறியாத ஆள் ஒருத்தருக்காக, அவருக்குப் பக்கத்தில நிண்டு, இந்தக் கிழமை ஆர் ஜெபிச்சனீங்கள்?" ஒவ்வொருவராக எழும்பிச் சொல்வார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் பின்வரிசையிலிருந்த ஒரு மாமி கேட்டுவிட்டா.

"பாண்காரத் தம்பி, ஒரு நாளைக்கு எத்தினை படலை திறக்கிறீர்? ஒரு வீட்டிலயாவது வாய் திறந்தனீரோ?"

"திறக்கிறவர்தானே, 'பாண், பாண்' எண்டு," என்றார் இன்னொருவர். கொட்டகை சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அப்பா கிடையாய்க் கிடந்தபோது, யாரென்று தெரியாத ஒருவர் எங்கள் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டு, ஜெபித்துவிட்டுப் போனார். அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அம்மா சாப்பிட்டா. அதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் செய்ததை ஒரு தடவையாவது செய்யவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் படலையில் கை வைத்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாண்காரன் ஆட்களை வேதத்துக்கு மாற்ற வந்துவிட்டான் என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த வாய்க்கால் முழுக்க எனக்குப் படலை அடைபட்டுவிடும். பிறகு அம்மாவுக்கு யார் சோறு போடுவது?

அந்த முற்றத்து வீட்டுக்காரர்கள் வடக்கே தீபகற்பத்திலிருந்து புதிதாக வந்தவர்கள். முதல் போகம் இன்னும் வெட்டவில்லை. அறுவடை முடியத் தருகிறோம் என்று சொல்லிப் பாண் வாங்கினார்கள், நானும் கொடுத்துக்கொண்டே வந்தேன். அன்று காலையில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இரக்கப்படுறதெண்டால் உன்ர காசில இரக்கப்படு. என்ர பாணில படாதை. இண்டைக்கு அந்தக் காசு வராட்டில் உன்ர சம்பளத்தில பிடிப்பன்."

வழி நெடுக ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்: "அக்கா, கோவிக்காதேயுங்கோ, முதலாளி நெருக்குறார், பாதியாவது தாங்கோ." பத்துத் தடவை சொல்லிப்பார்த்திருப்பேன். சொல்லும்போதெல்லாம் முதுகு வியர்த்தது.

ஹோன் அடித்தேன், யாரும் வரவில்லை. படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தால் மரநிழலில் பாய் போட்டுப் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். தாய் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தா. தகப்பன் குந்தியிருந்தார். பளைக்காரர் கிடுகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு நின்றார். பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது, கறுப்பு மேலே போயிருந்தது.

நான் வாய் திறக்குமுன்னே தாய் சொன்னா: "தம்பி, காசு இண்டைக்கும் இல்லை. பிள்ளைக்கு முந்தநாள் தொடக்கம் காய்ச்சல். பிறகு வாரும்."

"காசுக்கு வரேல்லை அக்கா," என்றேன். "பிள்ளைக்காக ஒருக்கா ஜெபிக்கட்டோ?"

பாடமாக்கிய வசனம் எங்கே போனதோ தெரியாது. ஜெபிக்கட்டோ என்று கேட்டது உண்மையாகவே கேட்டதுதான். காசுக்கு வரவில்லை என்றதுதான் பொய். ஆனால் அந்தப் பொய் முன்னால் போய்க் கதவைத் தள்ளியிருக்காவிட்டால் மற்றது என் வாயிலிருந்து வெளியே வந்திராது.

பளைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஓய், பாண் வித்துக் காணாதெண்டு வேதமும் கொண்டு வந்திருக்கிறீரோ? அது இறாத்தல் என்ன விலை?"

"சும்மா இரு மச்சான்," என்றார் வீட்டுக்காரர். பிறகு என்னிடம், "பின்னேரம் பரியாரியார் மருந்தோட வருவார். அதுக்கிடையில ஆர் கும்பிட்டாலும் நல்லதுதானே. வாரும்."

சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். தாய் எழும்பிவிட்டா. "என்ன ஆயத்தம் செய்யவேணும்? தண்ணி எடுக்கட்டோ? பிள்ளையை எந்தத் திசை பாத்து வைக்கிறது?"

"ஒண்டும் வேண்டாம் அக்கா."

"ஒண்டும் வேண்டாமோ?" அவவின் குரலில் நம்பிக்கை அரைவாசி இறங்கிவிட்டது.

"சேவலும் வேண்டாமாம்," என்றார் பளைக்காரர். "செலவில்லாத சாமி."

தலையில் கை வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். கையை நீட்டிவிட்டேன், அதற்குப் பிறகுதான் யோசனை வந்தது. நான் எந்த ஊர், அப்பா என்ன தொழில் செய்தவர் என்று இவர்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தொடவிடுவார்களா? கை அந்தரத்தில் நின்றது. தாய் என் மணிக்கட்டைப் பிடித்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தா. பேக்கரி வெக்கையில் பழகிய கைதான். ஆனாலும் அந்தச் சூடு பட்டதும் படக்கென்று பின்னுக்கு இழுத்து, திரும்பவும் வைத்தேன்.

சபையில் கேட்ட நீண்ட ஜெபங்களில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின்ர பேர் எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். இந்தக் காய்ச்சலை எடுத்துப்போடும். ஆமென்."

"அவ்வளவுதானோ?" என்றார் பளைக்காரர். "பாண் எண்டு கத்துறதே இதை விட நீளம்."

வீட்டுக்காரர் உள்ளே போய்ச் சாமிப்படத்தடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துவந்தார். வெற்றிலையின் மேல் ஒரு ரூபாய் இருந்தது. "பரியாரியாருக்கெண்டு வைச்சது. முதல் நீர் வந்திட்டீர். பிடியும்."

இறைவன் இலவசமாகச் செய்த சுகத்துக்குப் பணம் வாங்கிக் குஷ்டரோகியாய்ப் போன வேலைக்காரனின் வேதக் கதையைச் சின்ன வயதில் கேட்ட நாள் முதல் எனக்கு அதில் தீராத பயம். "வேண்டாம் அண்ணை," என்றேன்.

"இது பாண் காசில்லைத் தம்பி. அது வேறை. இது பிள்ளைக்கு."

"அதுதான் அண்ணை, வேண்டாம்."

அவருடைய முகம் மாறியது. வெற்றிலையை இன்னும் கிட்ட நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"ஏன் எடுக்கேல்லை? என்னத்தைக் கண்டனீர் தம்பி?"

"ஒண்டும் காணேல்லை அக்கா."

"மறைக்காதேயும்! கை வைக்கேக்க பின்னுக்கு இழுத்தனீர். நான் பாத்தனான். ஐயோ, என்ர பிள்ளை! என்ர பிள்ளை!"

எனக்கு விளங்கவில்லை. பளைக்காரர்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இப்போது அவர் முகத்தில் பகிடி இல்லை. "பரியாரி வெத்திலையைத் தொடாமல் எழும்பினால் என்ன அர்த்தம் எண்டு உமக்குத் தெரியாதோ? தப்பாத உயிருக்கு அவங்கள் காசு எடுக்கமாட்டாங்கள். உண்மையைச் சொல்லும், பிள்ளை முடிஞ்சுதோ?"

வேதக்கார வீட்டில் வளர்ந்தவன். அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. "அப்பிடியில்லை, எங்கட ஆக்கள் எப்பவும் காசு வாங்கிறதில்லை," என்று சொன்னேன். அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. அந்த ஒரு ரூபாயை எடுத்திருந்தால் அழுகை நின்றிருக்கும். எல்லாரும் ஆறுதலாகப் பரியாரியின் வரவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்திருப்பார்கள். அது என் மூளைக்குத் தட்டியது. தட்டிய பிறகும் நான் கையை முன்னுக்குக் கொண்டுவரவில்லை. பிள்ளையை நினைத்தா, குஷ்டத்துக்குப் பயந்தா என்று இப்போதும் நான் என்னையே கேட்பதுண்டு.

"அத்தான், இனி என்ன பரியாரி?" என்று கத்தினார் பளைக்காரர். "ஆசுப்பத்திரிக்குத் தூக்குங்கோ!"

"அங்க கொண்டுபோன பிள்ளையள்..." என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

"இவரே கையை விட்டிட்டார். இஞ்ச வைச்சிருந்து என்ன செய்யப்போறியள்? ஓய், சைக்கிளைத் தாரும்!"

நான் தரவில்லை, அவரே எடுத்தார். கயிற்றை வெட்டிப் பாண்பெட்டியை முற்றத்தில் இறக்கினார். தகப்பன் பிள்ளையைச் சேலையில் சுற்றி அணைத்துக்கொண்டு பின்னால் ஏற, பளைக்காரர் மிதித்தார். தாய் தலைமயிரை முடியாமல் பின்னால் ஓடினா. சத்தம் வாய்க்கால் கரையோடு தூரப் போய் அடங்கியது.

அதுவரை படலை தாண்டியிராத ஒரு வீட்டு முற்றத்தில் நானும் பாண்பெட்டியும் நாயும் மிச்சம். நாய் பெட்டியை மணந்தது, நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஜெபம் வந்தது. யாரும் இல்லாத முற்றத்தில், வெற்றிலையும் ரூபாயும் பாயில் அப்படியே கிடக்க, நிறுத்தாமல் ஜெபித்தேன். நல்ல சொற்களாக வந்தன. கேட்க ஆள் இல்லாதபோது எனக்கு எப்போதும் நல்ல சொற்கள் வரும். பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் அந்தத் தாய் என் முகத்தைத்தான் கடைசிவரை நினைப்பா. நான் பிள்ளைக்காகக் கேட்டதை விட அதற்குத்தான் அதிகம் பயந்தேன் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருக்கும்.

வெயில் ஏறிப் பாண் காய்ந்தது. பின்னேரம் பரியாரியார் வந்து, ஆளில்லா வீட்டில் பெட்டிமேல் இருக்கும் என்னைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். பொழுது சாயும் நேரத்தில்தான் சைக்கிள் மணி கேட்டது. பளைக்காரர் மட்டும் இறங்கினார். நான் எழும்பவில்லை.

"ஊசி போட்டவங்கள். பிந்தியிருந்தால் கஷ்டம் எண்டு டொக்டர் சொன்னார். இப்ப கண் முழிச்சிட்டாள்." சைக்கிளைச் சாத்தினார். "முதல் கேட்ட கேள்வி தெரியுமோ? 'பாண்காரன் ஏன் என்ர தலையில பிடிச்சுக்கொண்டு புறுபுறுத்தவன்' எண்டு." இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுததை அவர் பார்த்தாரோ தெரியாது. பெட்டியைத் தூக்கி வைத்துக் கட்டிவிட்டார். "உங்கட சாமி சைக்கிள் வாடகை கேப்பாரோ ஓய்?"

ஞாயிறு வந்தது. "பாண்காரத் தம்பி?" என்று மாமி கேட்டா. எழும்பி, "ஒரு வீட்டில ஜெபிச்சனான்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். களவெடுத்த பொருளுக்குப் பாராட்டு வாங்கியது போல் இருந்தது. நான் ஜெபித்ததாலா, அவர்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொண்டதாலா, பளைக்காரரின் காலிலிருந்த பலத்தாலா பிள்ளை தப்பியது என்று உபதேசியாரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு படலைகள் அடைபடவில்லை. அதுதான் கரைச்சல். சுகமில்லாத வீடுகளில் ஹோன் சத்தம் கேட்டால் ஓடிவந்து மறிப்பார்கள். உள்ளே போனால் வெற்றிலையில் காசு தயாராக இருக்கும். நோயாளியை யாரும் பார்ப்பதில்லை, எல்லாக் கண்ணும் என் கையில்தான். ஆகவே வாய் திறந்ததும் முதலில் ஒன்றைச் சொல்லப் பழகினேன்: "நான் ஆரிட்டையும் காசு எடுக்கிறதில்லை. எடுக்காட்டில் சாவு எண்டு அர்த்தமில்லை. ஆசுப்பத்திரிக்கும் கொண்டு போங்கோ. இப்ப ஜெபிக்கட்டோ?" சிலர் சம்மதிப்பார்கள். சிலர், காசு எடுக்காதவனின் கும்பிடு பலிக்காது என்று அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு படலையிலும் முதுகு வியர்த்தது. ஆனால் கேட்டேன். கேட்காமல் போன நாட்களில் அன்றிரவு நித்திரை வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மட்டும் பாண் காசுக் கதையே எழும்பவில்லை. அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகும் எழும்பவில்லை. பிள்ளைக்குத் தினமும் ஒரு பாண், அதற்குக் கையோடு காசு. பழையது மட்டும் பேச்சில் இல்லை. ஒருநாள் பளைக்காரர் வந்திருந்தபோது அவரிடம் மெதுவாகத் தொடங்கினேன். அவரே முந்திக்கொண்டார்: "அத்தானுக்கு அந்தப் பழைய கடன் பெரிய யோசனை. ஆனா கும்பிட வந்த மனிசனிட்டைப் பாண் காசை எப்பிடிக் கதைக்கிறது எண்டு கூச்சப்படுறார். காசுக்கு வரேல்லை எண்டு சொன்ன மனிசனாம்."

முதலாளி அந்தக் கடனை ஏற்கெனவே என் சம்பளத்தில் பிடித்து முடித்துவிட்டார். கேட்டிருந்தால் அவர்கள் நிச்சயம் தந்திருப்பார்கள். ஆனால் அன்று படலையில் நான் சொன்ன முதல் வார்த்தை பொய்யாகத்தான் புறப்பட்டது. அந்தக் காசை வாங்காமல் இருக்கும்வரைக்கும் அது பொய்யில்லை என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பிறகு அவர்கள் காணியை விட்டு ஓமந்தைப் பக்கம் போய்விட்டார்கள். போகும்போது தாய் படலையில் நின்று, "தம்பி, எங்களுக்காகக் கும்பிடும்," என்றா. ஓம் என்றேன்.

வர வேண்டியது ஏழு ரூபாய் இருபது சதம்.